கிழக்கு ஒன்பதாம் தெருவின் எல்லைப் பலகை

வெர்னன் குசேரா வீட்டுச் சமையலறை ஊருக்குள்ளே இருக்கிறதாம், படுக்கையறை ஊருக்கு வெளியே போய்விட்டதாம். ஹெப்ரிங் நகரத்தில் மார்ச் மாதம் இப்படி ஒரு பேச்சு கிளம்பியது. முதலில் யார் சொன்னார்கள் என்று தெரியாது. முடி திருத்தும் கடையில் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் சொன்னதாகக் வெர்னனின் நண்பர் கேலின் மச்சினி சொன்னாள். மச்சினி சொன்னதைக் கேல் செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்குத் தானியக் கிடங்கை ஒட்டிய காபிக் கடைக்குக் கொண்டுவந்து, வட்ட மேசையில் எல்லார் முன்னாலும் இறக்கிவைத்தார்.

"என்னப்பா வெர்ன், நேத்து எந்த ஊர்ல தூங்கினே?"

வெர்னன் பகடைக் குவளையைக் குலுக்கிக்கொண்டிருந்தார். அந்த மேசையில் குறைந்த எண் விழுந்தவர் தலையில்தான் அன்றைய காபிச் செலவு. குலுக்கிய கை நின்றது.

"என்னத்த உளர்றே?"

"நானா உளர்றேன்? கவுண்டிக்காரங்க ஆம்புலன்சுக்காகப் புதுசா மேப் போட்டிருக்காங்களாம். அதுல ஊர் எல்லை ஓடைப் பாலத்தோட நின்னுபோச்சாம். உன் வீடு பாலத்துக்கு அந்தாண்டதானே? நீ இந்த ஊர்க்காரனே இல்லையாம்பா."

"பாதி வீடுதான் வெளியேன்னு நான் கேள்விப்பட்டேன்," என்றார் பக்கத்தில் இருந்த லைல். "இவன் பொண்டாட்டி ஜோலீன் உள்ளே, இவன் வெளியே."

"அது எல்லையால இல்ல, இவன் குறட்டையால," என்றார் கேல்.

மேசை சிரித்தது. வெர்னனும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி. பகடையை உருட்டினார். எல்லாரையும்விடக் குறைவாக விழுந்தது. அதற்கும் ஒருமுறை சிரித்தார்கள்.

அவர் சிரிப்பு பிந்தியதற்குக் காரணம் இருந்தது. வெர்னன் ஹெப்ரிங்கின் தெருத் துறைத் தலைவர். நாலாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கும் ஊரில் தெருத் துறை என்றால் ஐந்து ஆள், மூன்று லாரி, மண் சாலையைச் சமன்செய்யும் ஒரு கிரேடர், பனிக்குத் தூவும் உப்பைக் குவித்துவைக்க ஒரு கொட்டகை. அறுபத்துமூன்று வயதில் முப்பத்திரண்டு வருடத்தை அவர் அந்தக் கொட்டகைக்கும் தெருக்களுக்கும் நடுவில் கழித்திருந்தார். எந்தச் சாக்கடை மூடி எந்தக் காற்றுக்குத் தடதடக்கும் என்று தெரியும். பனி விழுந்தால் முதலில் மருத்துவமனைச் சரிவு, அப்புறம் நீதிமன்றச் சதுக்கம், அப்புறம் பள்ளிக்கூடத் தெரு. இந்த வரிசையை அவர் எங்கேயும் எழுதிவைத்ததில்லை. எழுதிவைத்தால் மறந்துபோகும் என்று சொல்வார். இன்னும் இரண்டு வருடம் ஓட்டிவிட்டால் ஓய்வு. அதுவரை ஜோலீனின் இன்சுலினும் முழங்கால் வைத்தியமும் நகரத்தின் மருத்துவக் காப்பீட்டில்தான் இருந்தன.

அந்த வேலைக்கு ஒரு விதி இருந்தது. துறைத் தலைவர்கள் நகர எல்லைக்குள் குடியிருக்க வேண்டும். வெளியே குடிபோனால் அன்றே பதவி காலி. இந்த விதி வந்ததே வெர்னன் வாயால்தான். இவருக்கு முன்னால் தலைவராக இருந்தவர் ஏரிக்கரையில் வீடு கட்டிக்கொண்டு போனார். ஒரு பெரும்பனியில் மூன்று நாள் அவரால் ஊருக்குள் வர முடியவில்லை. "ஊர்ல இருக்காதவன் எதுக்கு ஊர்த் தெருவுக்குத் தலைவன்?" என்று வெர்னன் இதே காபி மேசையில் கத்தினார். அந்த மேசையில் அன்றைக்கு ஒரு கவுன்சில் உறுப்பினர் இருந்தார். அடுத்த மாதம் அது சட்டமாகிவிட்டது.

காபியைப் பாதியில் வைத்துவிட்டு வெர்னன் நகர அலுவலகத்துக்குப் போனார். அது சதுக்கத்தின் தெற்குப் பக்கம், பழைய வங்கிக் கட்டடத்தில் இருந்தது. நகரச் செயலர் மார்னி அப்போதுதான் விளக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மார்னி, நம்ம ஊரு கிழக்கே எங்கே முடியுது?"

"காலங்காத்தால இது என்ன கேள்வி? பலகை எங்கே இருக்கோ அங்கே."

"கவுண்டி மேப்புல பாலத்தோட முடியுதாம்."

"அப்போ கவுண்டியைக் கேளுங்க. மேப்பு அவங்க வேலை. நாங்க தண்ணி, குப்பை, நாய் லைசென்ஸ். உங்க வீட்டுக்குத் தண்ணி வருதில்ல?"

"வருது."

"குப்பை எடுக்கறாங்கல்ல?"

"எடுக்கறது என் ஆளுங்கதானே மார்னி."

"பின்னே என்ன?"

சதுக்கத்தைக் குறுக்கே கடந்தால் கவுண்டி நீதிமன்றம்; ஹெப்ரிங்கையும் சுற்றுக் கிராமங்களையும் சேர்த்து நிர்வகிக்கும் கவுண்டி அலுவலகங்களும் அதிலேதான். சுண்ணாம்புக்கல் கட்டடம், நாலு பக்கமும் கடிகாரம், நாலும் நாலு நேரம் காட்டும். போன ஞாயிற்றுக்கிழமைதான், வருடா வருடம் கோடை நேரத்துக்காகச் செய்வதுபோல், எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியிருந்தார்கள். கிழக்கு முகத்துக்கு மட்டும் யாரும் ஏணி வைக்கவில்லை. கீழ்த்தளத்தில் வரைபட அறையில் டோரதி லிண்ட் என்ற அம்மாள் இருந்தார். இருபது வருடமாக நில உரிமைப் பத்திரங்களைப் பார்ப்பவர், கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி போட்டிருப்பவர்.

திரையில் ஊர் விரிந்தது. மஞ்சள் நிறம் நகரம், பச்சை நிறம் கவுண்டி. மஞ்சள் ஓடைப் பாலம் வரை வந்து நின்றிருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் பச்சையில் ஒரு சின்னக் கூரை. முன்னால் ஒரு வெள்ளைப் புள்ளி.

"அது என் லாரி," என்றார் வெர்னன்.

"நல்லாத் தெரியுது பாத்தீங்களா? விமானத்திலேருந்து எடுத்தது."

"டோரதி, இந்தக் கோட்டை யாரு இங்கே போட்டா?"

"நான்தான். பழைய வரைபடத்துல ஓடை வரைக்கும் பென்சில்ல தீட்டியிருந்துச்சு. அதை வச்சுப் போட்டேன்."

"தீட்டினவன் பென்சில் மழுங்கிப்போய் அங்கே நிறுத்தியிருந்தா?"

டோரதி கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார். "இருக்கலாம். நகரத்தோட எல்லையை நகரம்தான் சொல்லணும் வெர்ன். அவங்க சொல்றதை நாங்க வரைவோம். அவங்க எழுத்துல குடுத்தா அஞ்சு நிமிஷத்துல மாத்திடுவேன்."

"அவங்க உங்களைக் கேக்கச் சொல்றாங்க."

"நாங்க அவங்களைக் கேக்கச் சொல்றோம்."

அன்று காலை வெர்னன் அந்தச் சதுக்கத்தை மூன்று தடவை கடந்தார். மூன்றாவது தடவை பாதிவழியில், போர்வீரன் சிலைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். இந்தப் பக்கம் போனால் இவர்கள் அந்தப் பக்கம் கைகாட்டுகிறார்கள். நடுவில் நிற்கிற இந்தப் புல்வெளி யாருடையது? புல் வெட்டுவது நகரம். சிலைக்கு வண்ணம் அடிப்பது கவுண்டி. விதை தூவியது யார் என்று ஒரு கணம் யோசித்து, அது தேவையில்லாத யோசனை என்று தலையை உதறிக்கொண்டு நடந்தார்.

மார்னி அதற்குள் பெட்டகத்திலிருந்து ஒரு பழைய சட்டத் தொகுப்பை எடுத்துவைத்திருந்தார். 1974ஆம் ஆண்டு ஊரைக் கிழக்கே விரித்தபோது போட்ட தீர்மானம். விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்தார். வடக்கு எல்லைக்கு இத்தனை அடி, இத்தனை பாகை என்று சுத்தமாக இருந்தது. தெற்குக்கும் அப்படியே. கிழக்குக்கு வந்தபோது மார்னியின் விரல் நின்றது.

"'கிழக்கே, ஒன்பதாம் தெரு வழியாக, எல்லைப் பலகை வரை.'"

"எத்தனை அடி?"

"அடி இல்ல. பலகை வரை. அவ்வளவுதான்."

"அப்போ பலகை இருக்கற இடம்தான் எல்லை."

"எழுபத்துநாலுல இருந்த இடம்," என்றார் உள்ளறைக் கதவில் நின்ற மேயர் ட்வைலா. கையில் பாதி தின்ற கொலாச்சே, பழக்கூழ் வைத்த இனிப்பு ரொட்டி. அவர் வெர்னனோடு ஒரே வகுப்பில் படித்தவர். மேயர் வேலை மாதத்தில் இரண்டு கூட்டம், மற்ற நாளெல்லாம் பூக்கடை. "நான் விசாரிச்சேன் வெர்ன். வக்கீலுக்கும் போன் பண்ணினேன். பலகையை அப்புறம் யாராவது நகர்த்தினாங்களான்னு கேக்கறார். உங்க துறையோட வேலைப் பதிவேட்டை எடுத்துப் பாத்தோம்."

மார்னி பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். 1996, நவம்பர் 14. 'கிழக்கு ஒன்பதாம் தெரு எல்லைப் பலகை, லாரி மோதியது, மீண்டும் நடப்பட்டது. ஆ. பிரான்ட், வெ. குசேரா.' வெர்னனின் கையெழுத்துத்தான். அவருடைய 'வெ' எப்போதும் குடை சாய்ந்த மாதிரி இருக்கும்.

"எங்கே நட்டோம்னு போடலையே," என்றார்.

"அதைத்தான் உன்னைக் கேக்கறோம். நட்டவன் நீதானே?" ட்வைலா வாயிலிருந்ததை விழுங்கினார். "இதோ பாரு. எனக்கு நீ வேணும். ஏப்ரல்ல இன்னொரு பனி வரும், உன்னை விட்டா யாருக்கும் அந்த மருத்துவமனைச் சரிவு பிடிபடாது. பழைய இடத்துலதான் நட்டோம்னு ரெண்டு வரி எழுதிக் குடு. வியாழக்கிழமை கவுன்சில்ல வச்சு முடிச்சிடலாம். ஆனா பதிவேட்டுல ரெண்டு பேர் பேரு இருக்கு, ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும்கறார் வக்கீல்."

"ஆர்லோவா?"

"ஆர்லோதான்."

மார்னி தீர்மானத்தின் ஓரத்தை நிமிண்டிக்கொண்டிருந்தார்.

ஆர்லோ பிரான்ட் தெருத் துறையில் வெர்னனைவிட நாலு வருடம் மூத்தவர். பதினைந்து வருடம் இருவரும் ஒரே லாரியில் போனார்கள். பழைய தலைவர் விலகியபோது, முறைப்படி அந்த இடம் ஆர்லோவுக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் வீடு கிழக்கு ஒன்பதாம் தெருவில் எல்லைப் பலகையைத் தாண்டிய முதல் வீடு. பலகைக்கும் அவருடைய வாசல் பாதைக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கலாம், அவ்வளவுதான். புதிய விதி அவரை வெளியே நிறுத்தியது. பலகைக்கு உள்ளே கடைசி வீடு வெர்னனுடையது. வேலை வெர்னனுக்கு வந்தது. ஆர்லோ அன்றைக்குத் துறையின் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்து, "இந்தா, ஊர்க்காரா," என்றார். அதற்கப்புறம் ஓய்வுபெற்று அரிசோனாவுக்குப் போகும்வரை வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. போய் ஒன்பது வருடம். கிறிஸ்துமஸுக்கு அவர் மனைவி பெர்னடீன் மட்டும் வாழ்த்து அட்டை அனுப்புவார், இருவர் பெயரையும் தன் கையாலேயே எழுதி.

மதியம் வெர்னன் லாரியைப் பாலத்துப் பக்கம் நிறுத்தினார். பனி உருகிக் கரையெல்லாம் சேறு. முதலில் பலகையைப் பார்த்தார். ஹெப்ரிங், மக்கள்தொகை 4,118. அவர் கையால் இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் இறுக்கிய திருகாணிகள். அங்கிருந்து பாலத்தை நோக்கி, புல்லைக் காலால் ஒதுக்கிக்கொண்டே நடந்தார்.

பாலத்துக்குப் பத்தடி இப்பால் ஒரு கம்பத்தின் அடிக்கட்டை மண்ணுக்குள் இருந்தது. நாலுக்கு நாலு மரம், மேல்பகுதி பிளந்திருந்தது. லாரி மோதினால் அப்படித்தான் பிளக்கும். அதன்மேல் ஒரு காலை வைத்து நின்றார். அப்படியானால் பழைய இடம் இதுதான். வீடு வெளியே. வேலை போயிற்று.

ஆனால் திரும்பி வரும்போது அவருடைய வீட்டுக்கு முன்னால், வேலி ஓரத்தில், இன்னொரு அடிக்கட்டை கிடைத்தது. இதுவும் நாலுக்கு நாலு. இது ரம்பத்தால் அறுக்கப்பட்டிருந்தது. இதுதான் பழைய பலகைக் கம்பமா, இல்லை தபால் பெட்டிக் கம்பமா? தன் தபால் பெட்டி எப்போதும் வாசல் பாதையின் இடப்பக்கம்தானே? பழைய வீட்டுக்காரர் வலப்பக்கம் வைத்திருந்தாரா?

இரண்டுக்கும் நடுவில் நின்று ஞாபகத்தைத் தோண்டினார். சோள லாரி மோதியது நிச்சயம். ஆர்லோ குழி தோண்டியதும் நிச்சயம். "இங்கே கல்லு. இன்னும் கொஞ்சம் மேலே போவோம்," என்று ஆர்லோ சொன்னார். கொஞ்சம் என்றால் எத்தனை? ஆர்லோ காலடி வைத்து அளந்துகொண்டே போனார், தன் வாசல் பாதை வரை போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "இதுக்கு மேல வேணாம். என் முற்றத்துல ஊரு நாய் பிடிக்கறவன் வந்து நிக்கக் கூடாது." அதுவும் ஞாபகம் இருந்தது. அந்த ஞாபகத்தில் ஆர்லோ சட்டையைக் கழற்றிவிட்டு வியர்த்துக்கொண்டிருந்தார். பதிவேட்டில் நவம்பர் 14. நவம்பரில் யார் சட்டையைக் கழற்றுவார்கள்? அப்படியானால் ஒரு கோடையிலும் பலகையை நட்டார்களா? இரண்டு தடவை நட்டார்களா? இல்லை, ஆர்லோ அந்தப் பேச்சைப் பேசியது வேறு ஏதோ கம்பத்துக்கா?

லாரியின் பின்னால் மண்வெட்டி இருந்தது. பிளந்த கட்டை சேற்றில் ஆடிக்கொண்டுதான் இருந்தது; நெம்பினால் ஒரு நிமிட வேலை. வெர்னன் மண்வெட்டியை எடுத்தார். கட்டைக்குப் பக்கத்தில் ஊன்றினார். சற்று நேரம் அதன்மேல் சாய்ந்து நின்றார். பிறகு அதே மண்வெட்டியால் பாலத்து வாய்க்காலில் அடைத்திருந்த சோளத் தட்டைகளை வாரிப்போட்டுவிட்டு, மண்வெட்டியைக் கழுவித் திரும்ப வைத்தார். வாய்க்கால் கவுண்டியுடையதா நகரத்துடையதா என்று அப்போதுதான் தோன்றியது.

வீட்டில் ஜோலீன் பீன்ஸும் இறைச்சியும் போட்டுச் சில்லி காய்ச்சிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருள்கள் ஆறிக்கொண்டிருந்தன.

"முழங்கால் வரைக்கும் சேறோட வராதே. அது எந்த அரசாங்கத்துச் சேறு?"

"உனக்கும் தெரிஞ்சிடுச்சா?"

"மூணு பேரு போன் பண்ணிட்டாங்க. ஒருத்தி, நாம இனிமே நாய்க்கு லைசென்ஸ் வாங்க வேணாமான்னு கேக்கறா. நமக்கு நாயே கிடையாது."

வெர்னன் காலணியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். "ஜோ, நாம இந்த வீட்டை வாங்கறப்போ, அந்த லாரி மோதறதுக்கு முன்னாடி, பலகை எங்கே இருந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்? நீ பலகையைப் பாத்தே. நான் சமையலறை ஜன்னலைப் பாத்தேன்."

"வீட்டுக்கு முன்னாடியா, தாண்டியா?"

"தாண்டின்னுதான் நினைக்கறேன்." கரண்டியை வைத்தாள். "இல்ல, இரு. தெரு ஓரமெல்லாம் பனி ஆளுயரத்துக்குக் கொட்டிக்கிடந்துச்சு. நான் பலகையைப் பாத்திருக்கவே முடியாது. நீ சொன்னே, உள்ளேதான்னு. நான் நம்பினேன்."

"நான் சொன்னேனா?"

"நீதான் சொன்னே."

அப்படிச் சொன்ன ஞாபகமும் அவருக்கு இல்லை. மேயர் எழுதச் சொன்னதை அவளிடம் சொன்னார். இரண்டு கட்டைகளையும் சொன்னார். மண்வெட்டியைச் சொல்லவில்லை.

"பழைய இடத்துலதான் நட்டோம்னு எழுத உனக்குக் கை வருமா?" என்று கேட்டாள்.

"அது பொய்யின்னு தெரிஞ்சா வராது. உண்மைன்னு தெரிஞ்சா வரும். எதுன்னே தெரியலையே."

"அப்போ ஆர்லோவைக் கேளு."

"அவன் என்ன சொல்லுவான்னு நினைக்கறே? அந்தப் பலகையை அவன் தன் வாசலுக்கு இந்தாண்ட நட்டான், ஜோ. தன் வீட்டைத் தாண்டி நட்டிருந்தா அவன் தலைவன். பாலத்துலயே நட்டிருந்தா ரெண்டு பேரும் இல்ல, மூணாவது ஒருத்தன். இத்தனை வருஷம் கழிச்சு நான் போன் பண்ணி, 'எங்கே நட்டே'ன்னு கேக்கணும்."

"அதுக்காகக் கேக்காம இருக்க முடியுமா? என் மருந்துச் சீட்டு அந்தப் பலகையில தொங்குது வெர்ன்." சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல் ஒரு சுருளைத் தட்டில் வைத்து அவர் முன்னால் தள்ளினாள். "சாப்பிடு முதல்ல."

சாப்பிடவில்லை. குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த கிறிஸ்துமஸ் அட்டையை எடுத்தார். கள்ளிச்செடிக்குச் சிவப்புத் தொப்பி போட்ட படம். பின்பக்கம் பெர்னடீன் கையெழுத்தில் ஒரு எண்.

"அங்கே இப்போ மணி என்ன?"

"ஒரு மணி நேரம் பின்னாடி."

"அவங்க கடிகாரத்தை மாத்த மாட்டாங்கன்னு ஆர்லோ சொல்லுவான். நாம மாத்தினா ரெண்டு மணி நேரமா?"

"நாம முன்னாடி தள்ளினோம். அப்போ ரெண்டு." விரலை மடக்கினாள். "இல்ல, பூஜ்யமா? இங்கே அஞ்சு. எதுவா இருந்தாலும் பகல்தான், போடு."

போட்டார். போனை மேசையில் இருவருக்கும் நடுவில் வைத்து, ஒலியைக் கூட்டினார். மணி அடிக்கத் தொடங்கியது.

ஆர்லோ எடுத்தால் முதலில் என்ன சொல்வது? "ஆர்லோ, நான் வெர்ன்." அது சரி. "பலகையைப் பழைய இடத்துல நட்டோமா?" அவர் ஆமாம் என்றால், அது நினைவால் வந்த ஆமாமா, பழைய நட்பால் வந்த ஆமாமா என்று எப்படித் தெரியும்? இல்லை என்றால், அது உண்மையா, அந்தச் சாவிக்கொத்துக்கான பதிலா? எந்தப் பதில் வந்தாலும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வெர்னனுக்குப் புரியவில்லை. ஆனால் பதில் வராமல் வியாழக்கிழமை வந்துவிடக் கூடாது என்பது மட்டும் புரிந்தது.

"அஞ்சு தடவை அடிச்சிடுச்சு," என்றாள் ஜோலீன்.

"வெளியே உக்காந்திருப்பான். எழுந்து வர நேரமாகும். அவனுக்கும் முழங்கால்."

ஜன்னலுக்கு வெளியே, மாலைப் பயிற்சி முடிந்த பிள்ளைகளை ஏற்றிய பள்ளிப் பேருந்து கிழக்கு ஒன்பதாம் தெருவில் மெல்ல வந்தது. பாலத்தைத் தாண்டியது. இந்த வீட்டைத் தாண்டியது. பலகை வரை போய், அங்கே எப்போதும் திரும்புகிற மாதிரி, பின்னால் வந்து, முன்னால் போய், ஊரை நோக்கித் திரும்பியது. வெர்னன் பனிக்காலத்தில் லாரியைத் திருப்பும் அதே சக்கரத்தடத்தில்.

"வச்சிடவா?" என்றாள்.

அவர் கையை நீட்டி போனை மூடினாற்போல் பிடித்துக்கொண்டார். ஆனால் நிறுத்தவில்லை. உள்ளங்கைக்கு அடியில் அது அடித்துக்கொண்டே இருந்தது, எட்டு, ஒன்பது.